அவர் தலை, என் களிமண்

கலை வகுப்பில் சேர்ந்து நான் செய்த முதல் காரியம், பூக்களுக்கு முடி வெட்டியது.

மேசை நடுவில் ஒரு ஜாடி. அதில் கன்னாபின்னாவென்று பூக்கள். சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்து அதை நாங்கள் பென்சிலால் வரைய வேண்டும். ஒரு பூ எட்டிப் பார்க்கிறது, இன்னொன்று தூங்கி வழிகிறது, மூன்றாவது பக்கத்துப் பூவின் தோளில் சாய்ந்து கிடக்கிறது. வாழ்நாள் முழுக்க சலூன் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். ஏறுக்கு மாறாக ஒன்று கண்ணில் பட்டால் கை சும்மா இருக்குமா? கத்தரி எப்போதும் கைப்பையில்தான் இருக்கும். டீச்சர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து இடது பக்கம் கொஞ்சம் எடுத்தேன். உடனே வலது பக்கம் நீளமாகத் தெரிந்தது. அங்கேயும் கொஞ்சம் எடுத்தேன். நடுவில் தூக்கலாக இருந்தது. டீச்சர் திரும்பி வந்தபோது ஜாடிக்குள் ஒழுங்காக கிராப் வெட்டிய பச்சைக் குச்சிகள் நின்றன. பூவெல்லாம் தரையில். பாதிப் படத்தில் இருந்த பத்துப் பதினைந்து பேரும் என்னைப் பார்த்த பார்வையில் சுவரில் இருந்த சுண்ணாம்பே உதிர்ந்தது.

"அம்மா, என்ன பண்ணீங்க?" என்றார் டீச்சர். என் மகள் வயதுகூட இருக்காது. ஆனால் புருவத்தை ஒரு தூக்கு தூக்கினால் எனக்குப் பள்ளிக்கூட நாள் வயிற்றுவலி திரும்ப வந்துவிடும்.

"லெவல் பண்ணினேன் டீச்சர்."

முதல் வேலையில் நான் ஃபெயில்.

அந்த வகுப்பில் நான் ஃபெயில் ஆகக்கூடாது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிடங்கு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கிடங்குதான் அவரை விட்டது, அவர் கிடங்கை விடவில்லை. ஓய்வு பெற்ற மறுநாள் என் சமையலறைக்குள் நுழைந்து, டப்பாக்களை எல்லாம் உயரவாரியாக அடுக்கினார். அன்றிலிருந்து எனக்கு உப்பு வேண்டுமானால் ஏணி வேண்டும். அது முடிந்ததும் காலை நடைக் குழு ஒன்று ஆரம்பித்தார். எல்லோர் தலையிலும் மஞ்சள் தொப்பி, இவர் வாயில் விசில். ஒரு ஊதலுக்கு நடக்க வேண்டும், இரண்டு ஊதலுக்கு நிற்க வேண்டும், மூன்று ஊதலுக்குக் கையைத் தூக்கிச் சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பூங்காவில் இருந்த நாய்கள் வேறு பேட்டைக்குக் குடிபோய்விட்டன.

அந்தக் குழுவில் நான் சேர வேண்டும் என்பது அவர் ஆசை. நான் அதற்கு முன்னால் நீச்சலில் சேர்ந்து பாதியில் நின்றேன், கீபோர்டில் சேர்ந்து பாதியில் நின்றேன், கம்ப்யூட்டரில் சேர்ந்தபோது கம்ப்யூட்டரே நின்றது. கலை வகுப்புக்குக் கிளம்பிய அன்று அவர் வாசலில் வழி மறித்தார்.

"இதுவும் பாதியில நின்னா, அடுத்த நாளே தொப்பி போட்டுக்கிட்டு வரணும். சம்மதமா?"

"இது நிக்காதுங்க."

"சம்மதமா, இல்லையா?"

"சம்மதம்."

அன்று மாலையே எனக்கென்று ஒரு தொப்பி வாங்கி, கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டார். என் தலைக்கு அளவெடுக்காமலே சரியான அளவு. கிடங்குக்காரர் கண் அப்படி.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் வகுப்புக்கு அடுத்த அறையில் சக்கர வகுப்பு நடக்கும். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்ப்பேன். ஆளுக்கொரு சக்கரம் சுற்றுகிறது, ஈர மண் கைக்குள் எழும்பிக் கிண்ணமாகிறது, யாரும் வாயைத் திறப்பதில்லை. அந்த அமைதியைப் பார்த்தாலே எனக்கு நாக்கில் எச்சில் ஊறும். சலூனிலும் பேச்சு, வீட்டிலும் விசில். எங்கள் வகுப்பில் மூன்று வேலைகளில் இரண்டு தேறினால்தான் அந்தக் கதவு திறக்கும். ஒன்று ஏற்கெனவே தரையில் பூவாகக் கிடந்தது.

இரண்டாவது வேலை அச்சு. ரப்பர் பலகையில் ஒரு படத்தைச் செதுக்கி, மை தடவித் தாளில் அழுத்த வேண்டும். அச்சில் எல்லாம் இடம் வலமாகப் பக்கம் மாறி விழும். வகுப்பே திணறியது. வலது கை ஓங்கிய வீரனைச் செதுக்கியவருக்கு இடது கை ஓங்கியவன் கிடைத்தான். பக்கத்து இருக்கைக்காரர் நிலம் அளக்கும் சர்வேயராக இருந்தவர், ஸ்கேலும் கோணமானியும் வைத்துக் கணக்குப் போட்டுச் செதுக்கி, அவர் வீட்டுக் கதவை ஜன்னலுக்குள் திறக்க வைத்தார். எனக்கு மட்டும் முதல் தடவையிலேயே அச்சாக வந்தது. ஒரு யோசனையும் இல்லாமல் கை தானாகவே பக்கம் மாற்றிச் செதுக்கியது.

"எப்படிம்மா?" என்று டீச்சரே கேட்டார்.

"பிறவி ஞானம் டீச்சர்" என்று ஒரே போடாகப் போட்டேன். இதில் ஏதோ இருக்கிறது என்று அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பெருமை வந்து காதை அடைத்துவிட்டது.

ஆக ஒன்று போச்சு, ஒன்று வந்தது. மூன்றாவது வேலையில் தீர்ப்பு. களிமண்ணில் ஒரு மனிதத் தலை.

"உங்களுக்கு ரொம்ப நல்லாத் தெரிஞ்ச ஒருத்தரோட தலை" என்றார் டீச்சர். "போட்டோ பார்க்கக் கூடாது. ஆளை உட்கார வைக்கக் கூடாது. ஞாபகத்திலிருந்துதான் வரணும். யாரைச் செய்யப் போறீங்கன்னு இப்பவே சொல்லிடுங்க."

நான் யோசிக்காமல் என் வீட்டுக்காரர் என்றேன். கல்யாணமானதிலிருந்து அவர் தலை என் கையில். வேறு கடைப் படி ஏறியதில்லை. எல்லோரும் சொல்லி முடித்த பிறகுதான் டீச்சர் இரண்டாவது குண்டைப் போட்டார்.

"கடைசி நாள் அந்தத் தலைக்குச் சொந்தக்காரரைக் கூட்டிட்டு வரணும். அவங்க பார்த்துட்டு, 'இது நான்தான்'னு சொன்னா பாஸ். இல்லேன்னா இல்லை. நான் மார்க் போட்டா என்கிட்ட சண்டைக்கு வர்றீங்க. இனிமே உங்க வீட்டு ஆளுங்களோடயே சண்டை போட்டுக்கோங்க."

தொப்பியை வாங்கி மாட்டிய மனிதர் கையிலேயே தீர்ப்பு! வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னபோது அவர் முகத்தில் பொழுது விடிந்தது.

"பொய் சொல்ல மாட்டேன். சரக்கு சரியா இருந்தா சரின்னுதான் கையெழுத்துப் போடுவேன்" என்றார். "ஆனா ஒண்ணு சொல்லிடறேன். என் மூஞ்சி அவ்வளவு சுலபத்துல யாருக்கும் வராது."

அதில் ஒரு சங்கதி உண்டு. இந்த உலகத்தில் எந்தப் போட்டோவும் அவருக்குப் பிடித்ததில்லை. அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைத் தூக்கிக்கொண்டு போட்டோக் கடைக்காரரோடு மல்லுக்கு நின்றவர். "இது யாருய்யா? எங்கயோ கோணல் இருக்கு, உன் கேமராவை ரிப்பேருக்குக் கொடு" என்பார். எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட மாப்பிள்ளை வேறு யாரோ என்பது அவருடைய உறுதியான கட்சி.

களிமண் என் மேசைக்கு வந்தது. நான் முடியிலிருந்து ஆரம்பித்தேன். மற்றவர்கள் மூக்கு, கண், வாய் என்று தவித்துக்கொண்டிருக்க, நான் வாரக்கணக்கில் பின்னந்தலையில் குடியிருந்தேன். அவர் முடியை நேராகப் பின்னால் வாருகிறவர், வகிடு கிடையாது. உச்சிச் சுழி, பிடரியில் இறங்கும் மயிர்க்கோடு, காதுக்குப் பின்னால் உள்ள சின்னப் பள்ளம், ஒன்று விடவில்லை. தண்ணீர் தெளிக்கும்போது என்னை அறியாமல், "சூடு போதுமாங்க?" என்று கேட்டேன். கழுத்தில் துண்டு சுற்றினேன். சர்வேயர் எட்டிப் பார்த்தார்.

"அம்மா, பின்பக்கம் பிரமாதம். மனுஷன் எழுந்து நடக்கப் போறான்னு தோணுது. முன்பக்கம் எப்போ?"

"முடி காயட்டும் சார், திருப்பி உட்கார வைக்கிறேன்."

முகத்துக்கு வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். சலூன் நாற்காலி, அவர் தோளில் வெள்ளைத் துணி, அவர் முகம். அவ்வளவுதான், விரல் ஓடியது. ஒரு பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்த மூக்கு. ஒரு கன்னத்தில் மிளகு போல மச்சம். வெட்டுத் தழும்பு உள்ள ஒரு புருவம். சிரிப்பை அடக்கும்போது ஒரு ஓரம் மட்டும் மேலே ஏறும் வாய். டீச்சர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"உயிர் இருக்கும்மா" என்றார்.

உயிர் இருந்தால் போதாதாம், தலை உள்ளே காலியாக இருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் சூளையில் வெடித்துவிடும். உச்சியைக் கம்பியால் மூடி போல அறுத்து எடுத்து, உள்ளே இருக்கிற மண்ணைக் கரண்டியால் வழித்து, திரும்ப மூடி ஒட்ட வேண்டும். வழித்தேன், வழித்தேன், வந்துகொண்டே இருந்தது. அவர் தலைக்குள் இவ்வளவு சரக்கு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

தலை காய்வதற்கு அலமாரியில் ஏறியது. அந்த வாரம் மழை. குடையோடு என்னை அழைத்துப்போக வாசலுக்கு வந்தார் என் வீட்டுக்காரர். சர்வேயர் இவரோடு நின்று நாலு வார்த்தை பேசினார். அடுத்த வகுப்பில் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்க வீட்டுக்காரருக்கு மச்சம் எந்தக் கன்னத்துல?"

"இதோ, இடது கன்னத்துல."

"வலது கன்னத்துலம்மா. மூக்கும் அந்தப் பக்கம்தான் சாயுது. நீங்க எல்லாத்தையும் இந்தப் பக்கம் வச்சிருக்கீங்க."

"சார், நான் அவரோட குடும்பம் நடத்தறவ. நீங்க குடைக்கடியில ஒரு நிமிஷம் பார்த்தவரு."

"நிலம்னாலும் மூஞ்சின்னாலும் எல்லை எல்லைதானேம்மா?" என்றார் அவர் பாவமாக.

வீட்டுக்குப் பறந்தேன். இவர் வழக்கம் போல நாற்காலியில், செய்தித்தாளுக்குப் பின்னால். தாளைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

"என்ன?"

"சும்மா. உங்களைப் பார்க்கிறேன்."

"எதுக்கு?"

"புருஷனைப் பார்க்கக் காரணம் வேணுமா?"

அவர் தாளை மடித்து வைத்தார். குரலை இறக்கிக் கேட்டார். "டாக்டர் உன்கிட்ட தனியா ஏதாவது சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லலை. அசையாம இருங்க."

மச்சம் வலது கன்னத்தில் இருந்தது. மூக்கு அதே பக்கம் சாய்ந்திருந்தது. தழும்பு, ஏறும் வாய், எல்லாமே நான் வைத்ததற்கு எதிர்ப்பக்கம். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அன்றைக்குத்தான் அந்த முகத்தை நேருக்கு நேர் உட்கார்ந்து பார்க்கிறேன் போல! யோசித்துப் பார்த்தால் வேறு எங்கே பார்த்தேன்? வீட்டில் தாளுக்குப் பின்னால் இருப்பார். தெருவில் எனக்கு முன்னால், கூப்பிடு தூரத்தில் நடப்பார். சினிமாவுக்குப் போனால் பக்கத்து இருக்கை, இருட்டு. அவர் முகத்தை நான் ஆற அமரப் பார்த்ததெல்லாம் சலூனில்தான். நான் நாற்காலிக்குப் பின்னால் நிற்பேன், முகம் எதிரே கண்ணாடியில் இருக்கும். பின்னந்தலையை நேரில் பார்த்துப் படித்தேன், முகத்தைக் கண்ணாடியில் பார்த்துப் படித்தேன். இரண்டையும் ஒரே தலையில் ஒட்டி வைத்திருக்கிறேன். அச்சு வேலையில் கை தானாகப் பக்கம் மாற்றியதும் இந்தக் கண்ணாடிப் பழக்கத்தால்தான்.

மறுநாள் டீச்சரிடம் ஓடினேன். "மூக்கை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிடலாமா டீச்சர்?"

"காஞ்ச மண்ணும்மா. தள்ளினா மூக்கு உங்க கையோட வந்துடும்."

"மச்சத்தையாவது?"

"அம்மா, கையை எடுங்க."

அந்த வாரம் முழுக்க ஆணியில் இருந்த தொப்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. இவர் வேறு காலையில் விசிலைத் துடைத்துக்கொண்டே, "முதல் வரிசையில உனக்கு இடம் போட்டிருக்கேன்" என்றார். அடுக்குவதில் மன்னன்.

கடைசி நாள். அலமாரியிலிருந்து தலைகள் எல்லாம் மேசைக்கு இறங்கின, ஒவ்வொன்றின் மேலும் ஒரு வெள்ளைத் துணி. சொந்தக்காரர்கள் சுவரோரமாக நாற்காலியில். தீர்ப்பு ஆரம்பித்தது. நர்ஸாக இருந்த ஒரு அம்மா தன் தங்கையைச் செய்திருந்தார். துணியை விலக்கியதும் தங்கை, "ஏன்க்கா, நான் இவ்வளவு குண்டாவா இருக்கேன்?" என்று ஆரம்பித்து, சின்ன வயதில் பங்கு போட்ட மிட்டாய் வரைக்கும் போய்விட்டார். ஃபெயில். சர்வேயர் தன் மருமகனைச் செய்திருந்தார், ஒவ்வொரு அங்கமும் அளவு பிசகாமல். மருமகன் மரியாதையாக நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு மாமா. இது நீங்கதானே?" என்றார். ஃபெயில். சர்வேயர் ஸ்கேலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து உள்பையில் மறைத்துக்கொண்டார்.

எங்கள் முறை. இவர் எழுந்தார். அவர் பாண்ட் பையில் மஞ்சளாக எதுவோ எட்டிப் பார்த்தது. தொப்பியைக் கையோடு கொண்டுவந்திருக்கிறார், பாவி!

டீச்சர் துணியை எடுத்தார்.

வகுப்பில் முதலில் சலசலப்பு. தலையைப் பார்க்கிறார்கள், இவரைப் பார்க்கிறார்கள், மறுபடியும் தலை.

"ஜாடை இருக்கு. ஆனா இவரு இல்லையே?"

"இவரோட தம்பியா இருக்குமோ?"

"எங்கயோ இடிக்குதும்மா" என்றார் டீச்சரே, கழுத்தை அப்படியும் இப்படியும் சாய்த்து.

சர்வேயர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மனசுக்குள் முதல் வரிசையில் போய் நின்றுகொண்டேன். ஒரு ஊதல், இரண்டு ஊதல்.

இவர் மேசைக்குக் கிட்டே போனார். குனிந்து தலையோடு தலை சமமாக வந்தார். வாயின் ஒரு ஓரம் மேலே ஏறியது. கையைத் தூக்கித் தன் மச்சத்தைத் தொட்டுப் பார்த்தார். தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடி முன்னால் எப்படி நிற்பாரோ, அச்சு அசல் அதே நிலை. பிறகு நிமிர்ந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள்தான், ஆனால் இதில் கூட்டவில்லை.

"நான்தான்" என்றார்.

"சார், நல்லாப் பாருங்க. மச்சம் பக்கம் மாறி..." என்று யாரோ இழுத்தார்கள்.

"என் மூஞ்சியைப் பத்தி எனக்கே பாடமா? இதுதான்யா நான். எந்தக் கேமராக்காரனுக்கும் பிடிபடாத மூஞ்சி, இவ கைக்கு வந்திருக்கு!"

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. கைப்பையைத் திறந்தேன். கத்தரிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு கைக்கண்ணாடி இருக்கும், வாடிக்கையாளருக்குப் பின்னந்தலை காட்ட. அதை எடுத்துக் களிமண் முகத்துக்கு எதிரே பிடித்தேன்.

"இப்போ எல்லாரும் கண்ணாடிக்குள்ள பாருங்க."

பார்த்தார்கள். "அட! இவரேதான்!" என்று அறை அதிர்ந்தது. டீச்சர் சிரித்த சிரிப்பில் அடுத்த அறைச் சக்கரங்கள் நின்று, மண்கையோடு நாலு பேர் கதவில் வந்து நின்றார்கள். என் சலூன் கதையை மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

இவரும் எட்டிக் கண்ணாடிக்குள் பார்த்தார். முகம் சுருங்கியது.

"இது அந்தப் போட்டோக் கடைக்காரன் எடுத்த ஆள் இல்ல?"

"அதுதான் சார் நீங்க" என்றார் சர்வேயர் மெதுவாக.

"அப்போ இத்தனை நாளா நீங்க எல்லாரும் என்னை இப்படியா பார்த்துக்கிட்டு இருக்கீங்க?"

டீச்சர் அவசரமாகத் துணியை மடிக்க ஆரம்பித்தார். இவர் என் பக்கம் திரும்பினார்.

"நீ?"

"நான் சலூன் கண்ணாடியில பார்த்தேங்க. நீங்க உங்களை எப்படிப் பார்க்கிறீங்களோ, அப்படித்தான்."

இவர் பையிலிருந்து தொப்பியை உருவினார். நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். அதைக் களிமண் தலையில் வைத்து, விளிம்பை நேராக இழுத்துவிட்டு, டீச்சரிடம் கிடங்குக் குரலில் சொன்னார்.

"சரக்கு சரி. இவங்களை அடுத்த ரூமுக்கு அனுப்பிடுங்க."

சூளையில் வெந்து வந்தபோது தலை கொஞ்சம் சுருங்கியிருந்தது. களிமண் அப்படித்தானாம். இப்போது அது எங்கள் கூடத்தில், வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. தொப்பி கண் வரைக்கும் இறங்கிவிடுகிறது. போகிறவர் வருகிறவரிடமெல்லாம் இவர் தொப்பியைத் தூக்கிக் காட்டி, "இதுதான் ஒரிஜினல்" என்கிறார். அவர்கள் அதையும் இவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தண்ணீர் கேட்கிறார்கள்.

நேற்று தெருவில் நடக்கும்போது வழக்கம் போல முன்னால் போனவர், திடீரென்று நின்று, என் பக்கம் திரும்பிப் பின்பக்கமாகவே நடக்க ஆரம்பித்தார்.

"என்னங்க இது?"

"நேராவும் ஒரு தடவை பார்த்து வச்சுக்கோ. அடுத்த வேலைக்கு உதவும்."

"சக்கர வகுப்புல தலையெல்லாம் கிடையாதுங்க. கிண்ணம் மட்டும்தான்."

"அதனால என்ன? பார்த்து வை" என்றார். அதோடு ஒரு விளக்குக் கம்பத்தில் மோதினார். பின்னந்தலையில், சரியாகச் சுழிக்குப் பக்கத்தில் ஒரு வீக்கம். அந்த இடத்தை நேரில் பார்த்துச் செய்தவள் என்பதால் சொல்கிறேன், களிமண் தலையில் அது இல்லை. சேர்த்துவிடட்டுமா என்று கேட்டேன். விசிலை எடுத்து மூன்று தடவை ஊதினார். நானும் தெரு நடுவில் நின்று, கையைத் தூக்கிச் சிரித்தேன்.